கோப்பைத் தலையில் இருந்த தொப்பி

சீமோஸுக்கு அவன் அப்பன் வைத்த பெயர் என்னவென்று எங்கள் குயவர் தெருவில் யாருக்கும் தெரியாது. கேட்டால் அவனுக்கும் தெரியாது. சீமோஸ் என்பது கிழட்டுக் குயவர் பானியாஸ் அவனைச் சந்தையில் வாங்கி வந்த அன்று வைத்த பெயர். சப்பைமூக்கன் என்று அர்த்தம். ஆதென்ஸில் புது அடிமை வீட்டுக்குள் கால் வைத்தால் அடுப்படியில் உட்காரவைத்து, அவன் தலையில் உலர்ந்த அத்திப்பழமும் வாதுமையும் கொட்டுவார்கள். ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கொட்டியதைப் பொறுக்கித் தின்பது வீட்டுப் பிள்ளைகள். அன்றைக்கு அந்தச் சின்னத் தலையிலிருந்து உருண்டதைப் பொறுக்கித் தின்றவன் பானியாஸின் மகன் தூக்ரிதோஸ். வளர்ந்து ஆளானபின் அதே தலை தனக்குச் சொந்தம் என்று வந்து நின்றவனும் அவன்தான்.

சீமோஸ் வந்தபோது பால்பற்கள் விழத் தொடங்கியிருந்த வயது. எகிப்துக்கும் தெற்கே, ஆறு பாறைகளில் முட்டி இறங்கும் ஊர் என்று மட்டும் சொல்வான். பானியாஸ் அவனைச் சூளையில் விட்டார். விறகு தள்ளித் தள்ளி, புகைத் துளை வழியே தீயைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அந்தச் சூளை அவன் சொன்னபடி கேட்டது. கறுப்புப் பூச்சு கறுப்பாகவே வெளியே வருவது எப்போது காற்றை அடைக்கிறோம், எப்போது திறக்கிறோம் என்பதில் இருக்கிறது. அதில் சீமோஸை அடிக்க ஆளில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம், வேண்டாவெறுப்பாகத்தான்.

பானியாஸ் கஞ்சன், ஆனால் கெட்டவர் அல்ல. ஒரு வசந்தத் திருவிழாவில், நாடகம் தொடங்குமுன், தண்டோராக்காரனை விட்டு 'சீமோஸ் இனி சுதந்திரன்' என்று கத்தச் சொன்னார். அப்படிக் கத்துவது எங்கள் ஊர் வழக்கம். கொட்டகையில் ஊரே இருக்கும், ஆகவே ஊரே சாட்சி. ஆனால் அந்த நேரத்தில் யார் காது கொடுக்கிறார்கள்? வறுத்த கொண்டைக்கடலையைக் கொறித்துக்கொண்டு, முன்னால் உட்கார்ந்தவன் தலை மறைக்கிறதென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பிறகு கொள்ளைநோய் வந்தது. பானியாஸ் போனார். அவர் பக்கத்தில் சாட்சியாக நின்ற இரண்டு நண்பர்களும் போனார்கள்.

சீமோஸ் தெருக்கோடியில் ஒரு சூளையைக் கட்டிக்கொண்டான். அடுத்தவன் சரக்கைச் சுட்டுக் கொடுத்துப் பிழைத்தான். சூரா என்று ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான். அவளும் விடுதலையானவள்தான், சிரியாக்காரி. தெருமுனையில் பருப்புக் கஞ்சி விற்றாள். அவள் வாய்க்குப் பயந்து எல்லோரும் ஒழுங்காகக் காசு வைத்துவிட்டுப் போவோம்.

இனி கோப்பைக்கு வருகிறேன். பானியாஸ் பட்டறையின் பெயர் பெற்ற சரக்கு ஒன்று உண்டு. மனிதத் தலை வடிவத்தில் ஒரு மதுக்கோப்பை. எத்தியோப்பியன் தலை. கறுப்பு முகம், தடித்த சிவந்த உதடு, வெள்ளைக் கண், தலையில் வழவழவென்று ஒரு கறுப்புத் தொப்பி. உச்சியில் கோப்பையின் வாய். வசதியுள்ள வீட்டு விருந்துகளில் எல்லாம் அந்தத் தலைக்குள் ஊற்றித்தான் குடித்தார்கள். அது சீமோஸின் முகம் என்று தெரு முழுக்கப் பேச்சு. அவனும் அப்படித்தான் நம்பினான். அவன் அடிமையாக இருந்தபோது பானியாஸே ஒருநாள் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "பார்றா, நீ" என்று சிரித்தாராம்.

தொப்பியைப் பற்றி மதுக்கடையில் ஓயாத சண்டை. கப்பல்காரன் ஒருவன் அது துடுப்புப் போடுகிறவன் தொப்பி என்பான். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், டிராய் சண்டைக்கு வந்த எத்தியோப்பியப் படைக்காரனின் கவசம் அது என்று கழுத்து நரம்பு புடைக்கப் பேசுவார். சீமோஸ் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே வார்த்தை சொல்வான்.

"எங்கப்பா தொப்பி அது."

"உங்கப்பன் தொப்பிய பானியாஸ் எங்கடா பாத்தாரு?" என்று யாராவது சீண்டினால் எழுந்து போய்விடுவான். அவன் ஊரில் பெரிய மனிதர்கள் மட்டும் போடும் தொப்பியாம். அவன் அப்பா ஆற்றங்கரை வீட்டு வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் ஒரு திமிர் வரும். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் திமிர் அவனுக்கு நன்றாகவே இருந்தது. எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

அதிகம் பொறுக்காதவன் மிக்கியோன். பானியாஸ் பட்டறையில் அச்சில் களிமண் அமுக்குகிறவன், மெகாரா ஊர்க்காரன். மூக்கின் மேல் கோபம். ஒருமுறை அவன் சொந்தமாகச் செய்த சரக்கைச் சீமோஸிடம் சுடக் கொடுத்தான். அன்றைக்குப் பார்த்துக் காற்று மாறி, சூளைவாய் திறந்துகொண்டு, கறுப்பாக வரவேண்டிய அத்தனையும் செக்கச்செவேலென்று வெளியே வந்தது. அதன்பின் இருவரும் எதிரெதிரே வந்தால் துப்பிவிட்டுத்தான் போவார்கள்.

தூக்ரிதோஸ் லெஸ்போஸ் தீவில் நிலம் கிடைத்துப் போனவன். கொள்ளைநோய்க் காலத்தில் அவன் இங்கே இல்லை. நிலம் சரிப்படாமல் திரும்பி வந்தான். வந்து பட்டறையைத் திறந்தான். பட்டறைக்கு நல்ல சூளைக்காரன் வேண்டும். கூலி கொடுத்து வைக்க மனசில்லை. ஒரு காலையில் இரண்டு ஆட்களோடு தெருக்கோடிக்கு வந்தான்.

"டேய் சப்பமூக்கா! யாரக் கேட்டு எங்கப்பன் வீட்ட விட்டுப் போன?"

"உங்கப்பாவக் கேட்டுத்தான்."

"செத்தவரச் சாட்சிக்குக் கூப்பிடுறியா?"

"ஊரே சாட்சி. கொட்டகையில கத்துனாங்க."

தூக்ரிதோஸ் தெருவைச் சுற்றிப் பார்த்தான். "ஏன்யா, நீங்க யாராச்சும் கேட்டீங்களா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. குனிந்து களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்தோம். நாசமாய்ப்போன தெரு! கேட்டேன் என்று ஒருவன் சொல்லியிருந்தால் போதும். கேட்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் உண்மைக்காகவா அன்று வாயை மூடிக்கொண்டோம்? குடிமகனோடு எதற்கு வம்பு என்றுதான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து மிக்கியோன் மட்டும் கத்தினான். "இழுத்துட்டுப் போய்யா! என் சரக்கு சிவந்ததுக்கும் சேத்து ரெண்டு சாத்து!"

ஆட்கள் சீமோஸின் கையைப் பிடித்து இழுத்தார்கள். சூரா கஞ்சிக் கரண்டியோடு ஓடிவந்து ஒருவன் மண்டையில் போட்டாள். அந்தக் களேபரத்தில் சீமோஸுக்கு விறகு விற்கும் அக்கார்னை ஊர்க்காரன் வந்துசேர்ந்தான். முரட்டு ஆள், ஆனால் ஆதென்ஸ் குடியுரிமை உள்ளவன். சீமோஸ் போய்விட்டால் விறகு வாங்க ஆளில்லை என்ற கவலை அவனுக்கு. "இவன் சுதந்திரன்னு நான் சொல்றேன், பிணை நிக்கிறேன், கைய எடுங்கடா!" என்றான். சட்டப்படி அதன்பின் இழுக்க முடியாது. வழக்கு நடுவர் முன்னால் போனது. தோற்றால் சீமோஸ் திரும்பவும் தூக்ரிதோஸ் வீட்டு அடுப்படிக்குப் போகவேண்டியதுதான், சாகும்வரை.

தூக்ரிதோஸ் கையில் என்ன சாட்சி வைத்திருக்கிறான் என்பது விசாரணைக்கு முந்தின நாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கோப்பை. விடுதலை கொடுத்ததாகச் சொல்லும் வருஷத்துக்குப் பிறகு சுட்ட கோப்பை அது. அதில் சீமோஸ் தலையில் இருப்பது நாய்த்தோல் தொப்பி, அடிமைகள் போடுவது. விடுதலையானவன் முதல் வேலையாக அதைத்தானே கழற்றி எறிவான்? எறியவில்லை என்றால் விடுதலையே இல்லை. இதுதான் அவன் கட்சி.

"அந்தக் கோப்பையில இருக்கிறது நான் இல்லன்னு சொல்லிரு," என்றாள் சூரா. "முடிஞ்சுது சோலி."

"எப்படிடீ சொல்றது? நான்தானே அது?"

"நீயா இருந்தா என்ன, உன் பாட்டனா இருந்தா என்ன? இல்லன்னு சொல்லித் தொலை."

"அது நாய்த்தோல் இல்ல. எங்கப்பா தொப்பின்னு சொல்லுவேன்."

"சொல்லுவ, சொல்லுவ. உங்கப்பன் வந்து எனக்குக் கஞ்சி ஊத்துவானா? நீ அங்க போயிட்டா நான் என்னய்யா பண்ணுவேன்? கொஞ்சமாச்சும் நெனச்சுப் பாத்தியா?" கரண்டியைச் சட்டிக்குள் எறிந்துவிட்டு அழுதாள். சீமோஸுக்கு அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தன்னிடம் மிச்சம் இருந்த ஒரே சொத்தையும் பிடுங்குகிறாளே என்று அவள்மேல் கோபம்கூட வந்தது.

நடுவர் அறுபது வயதுக் கிழவர். அந்த வயது வந்த குடிமக்கள் எல்லோரும் ஒரு வருஷம் இந்த வேலை பார்த்தாக வேண்டும். சந்தைத் திடல் தூண் மண்டபத்தில், வாயில் பூண்டு மணக்க, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார். தூக்ரிதோஸ் கோப்பையை அவர் முன் வைத்ததும் முகம் மலர்ந்தது.

"அட! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே."

கூட்டம் சிரித்தது. எல்லார் கண்ணும் கோப்பைக்கும் சீமோஸுக்கும் மாறி மாறிப் போனது. "உதடப் பாருடா... அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றான் ஒருவன். சீமோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

தூக்ரிதோஸ் தன் கட்சியைச் சொன்னான். நாய்த்தோல், நாய்த்தோல் என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கோப்பையின் உச்சியில் விரலால் தட்டினான். அந்தத் தட்டல்தான் சீமோஸைக் கெடுத்தது.

"அது நாய்த்தோல் இல்ல!" என்று கத்தினான். "எங்கப்பா போட்ட தொப்பி அது! எங்க ஊருல பெரிய மனுஷங்க போடுறது!"

நடுவர் கண்ணைச் சுருக்கினார். "அப்போ இது உன் தலதான்?"

"என் தலதான்."

"தலையில இருக்கிறது தொப்பிதான்?"

"தொப்பிதான் ஐயா."

"ஊர்லேந்து வரும்போது போட்டுக்கிட்டு வந்தியா?"

"...இல்ல."

"இங்க யாரும் அந்தத் தொப்பி விக்கிறாங்களா?"

"இல்ல."

"பின்ன பானியாஸ் உன் தலையில எதப் பாத்துச் செஞ்சாரு?"

தூக்ரிதோஸ் கையைத் தட்டினான். "கேட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான்! தல அவன் தல, தொப்பி தொப்பிதான். இந்த ஊர்ல அவன் தலையில இருந்த தொப்பி எங்கப்பன் குடுத்த நாய்த்தோல விட்டா வேறென்ன?" தூணுக்குப் பின்னால் சூரா தலையில் அடித்துக்கொண்டாள். விறகுக்காரன் நான் வந்திருக்கவே கூடாது என்பதுபோல் நழுவப் பார்த்தான்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் தூக்ரிதோஸ் ஜெயித்திருப்பான். கொழுப்பு விடவில்லை. "இதச் செஞ்ச ஆளே இருக்கான், கேளுங்க" என்று மிக்கியோனை முன்னால் தள்ளினான். மிக்கியோன் சந்தோஷமாகத்தான் வந்தான். சீமோஸ் ஒழிந்தால் பாலில் குளிப்பான் அவன்.

நடுவர் கோப்பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீதான் செஞ்சியா? நாய்த்தோல்னா தையல் எங்க? ரோமம் எங்க? காது மூடுற பட்டை எங்க? கஞ்சிச் சட்டியக் கவுத்து வச்ச மாதிரியில்ல இருக்கு. ஏம்ப்பா, உங்க மெகாராவுல தொப்பியே பாத்ததில்லயா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மெகாராக்காரனைச் சொல்லிச் சிரிப்பதென்றால் ஆதென்ஸ்காரனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மிக்கியோன் முகம் சூளைபோல் சிவந்தது.

"தொப்பியா? யாருய்யா தொப்பி செஞ்சா? அது முடிய்யா, முடி!"

"வாய மூடுடா!" என்றான் தூக்ரிதோஸ்.

"எதுக்கு மூடணும்? கேவலம் உங்க பட்டறையோடது, திட்டு எனக்கா? ஐயா, இது இவங்க தாத்தா காலத்துத் தல. கடுகு கடுகா தல பூராச் சுருட்டமுடி இருந்துச்சு. அச்சு ஒடஞ்சா புது அச்சு செதுக்க ஆள் வைக்கணுமில்ல? இவங்கப்பன் வச்சாரா? பழைய கோப்பை மேலயே களிமண்ண அப்பி அச்சு எடுத்தாரு. அது தேஞ்சா, அதுல வந்த கோப்பைலேந்து இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் தல சின்னதாகும், முடி மழுங்கும். கண்ணு மூக்க நான் குச்சிய வச்சுக் கீறி உயிர் குடுப்பேன். முடிய எவன் குத்திக்கிட்டு உக்காருவான்? 'கறுப்பப் பூசி விட்டுர்றா'ன்னாரு கிழவர், பூசி விட்டேன். காதுக்குப் பின்னாடி தடவிப் பாருங்க!"

நடுவர் கட்டைவிரலால் கோப்பையின் காதுக்குப் பின்னால் தடவினார். மறுபடி தடவினார். "அட, ஆமாய்யா," என்றார். "பொரிப்பொரியா தட்டுப்படுது."

"தட்டுப்படாம? இன்னொண்ணும் கேளுங்க. இவன் மூஞ்சியாம் இது! இவன் இந்த ஊரு மண்ண மிதிக்கிறதுக்கு முன்னாடியே இந்த மூஞ்சி வித்துக்கிட்டு இருந்துச்சு. தெருவுல ஒரே ஒரு கறுப்பன், கோப்பையில ஒரே ஒரு கறுப்பு மூஞ்சி. ரெண்டும் ஒண்ணுன்னு ஊரு நெனச்சுக்கிச்சு, இவனும் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சான். த்தூ!"

சீமோஸுக்குக் காது அடைத்தது. தன்னைக் காப்பாற்றுகிற வார்த்தை அது என்று புரிவதற்கு முன்னால், மிக்கியோனின் குரல்வளையைப் பிடிக்கக் கை போனது. விறகுக்காரன் பிடித்துக்கொண்டான்.

நடுவர் சீமோஸிடம் முடிவாகச் சொன்னார். "இந்தக் கோப்பைய விட்டா தூக்ரிதோஸ்கிட்ட வேற சாட்சி இல்ல. ஆனா நீ இப்பத்தான் உன் தல, தொப்பின்னு ரெண்டையும் ஒத்துக்கிட்ட. அதத் திருப்பி வாங்கணும்னா சத்தியக் கல்லு மேல ஏறு. அது என் தல இல்ல, அது தொப்பியும் இல்லன்னு சத்தியம் பண்ணு. இல்லேன்னா நீ சொன்ன சொல்லுதான் நிக்கும்."

மண்டபத்துக்கு முன்னால் சத்தியக் கல் கிடந்தது. பலி கொடுத்த இறைச்சித் துண்டுகள் அதன்மேல் இருந்தன, ஈ மொய்த்தது. சீமோஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கூட்டம் பொறுமை இழந்தது. ஏறினால் சுதந்திரன், ஏறாவிட்டால் அடிமை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. எங்களுக்கெல்லாம் அப்பன் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, அதனால் விளங்கவில்லை.

"ஏறுய்யா!" சூரா தொண்டை கிழியக் கத்தினாள். "என் உசுரு போகுதுய்யா, ஏறு!"

அவளுக்காகத்தான் ஏறினான். "அது என் தல இல்ல," என்றான். யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா!" என்றார் நடுவர். "அது என் தல இல்ல! அது தொப்பி இல்ல! எல்லா சாமி மேலயும் ஆணை!" தூக்ரிதோஸ் காறித் துப்பிவிட்டுப் போனான். விறகுக்காரன் முதுகில் தட்டினான். சூரா கையைப் பிடித்துக்கொண்டாள், அவன் உதறிவிட்டு முன்னால் நடந்தான். வழியில் யாரோ, "வாய்யா, தல இல்லாதவரே!" என்றார்கள். அந்தப் பெயர் தெருவில் ஒட்டிக்கொண்டது.

மதுக்கடை மூலையில் அதன்பின் அவன் உட்காரவில்லை. தொப்பிச் சண்டையும் நின்றது. வேலை செய்தான், சூராவோடு தின்றான், தூங்கினான். சுதந்திரன்தான், இனி எவனும் கை வைக்க முடியாது.

மிக்கியோனைத் தூக்ரிதோஸ் அன்றே பட்டறையை விட்டுத் துரத்தியிருந்தான். குளிர்காலம் பிறந்தபோது மிக்கியோன் சீமோஸின் சூளைக்கு வந்தான். கையில் ஈரக் களிமண் மூட்டை. அவனைப் பார்த்ததும் சூரா கரண்டியை எடுத்தாள்.

"சண்டைக்கு வரல தாயி," என்றான் மிக்கியோன். பிறகு சீமோஸைப் பார்த்து, "எனக்கு உன்னப் பிடிக்காது. உனக்கும் என்னப் பிடிக்காது. சரியாப்போச்சு. ஆனா எனக்குப் பட்டறை இல்ல, அச்சு இல்ல. தூக்ரிதோஸோட மழுங்கல் தலைய இப்ப ஒரு பய வாங்குறதில்ல. நான் புதுசா ஒரு தல செய்யப்போறேன். உயிரோட இருக்கிற ஆளப் பாத்து. நீ உக்காரு, நான் செய்யறேன், நீ சுடு. வர்றதுல பாதி உனக்கு."

"போடா வெளிய."

"போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன். யோசிச்சுப் பாரு, இந்தத் தடவ நெஜமாவே உன் மூஞ்சி."

சீமோஸ் சூளைக்குள் இரண்டு விறகைத் தள்ளினான். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தொப்பி வைக்கணும்," என்றான். "எங்கப்பா தொப்பி. வைக்கிறதா இருந்தா உக்காருறேன்."

மிக்கியோன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் ஆச்சரியம். களிமண்ணை உருட்டி, கன்னம் ஏற்றி, மூக்கை அமுக்கி, சாயங்காலத்துக்குள் முகத்தைக் கொண்டுவந்துவிட்டான். எட்டிப் பார்த்த சூரா, "அட, நீதான்யா!" என்றாள். மிக்கியோன் குச்சியைத் துடைத்துக்கொண்டு தலைக்கு வந்தான்.

"சொல்லு. தொப்பி எப்படி?"

"எங்க ஊருத் தொப்பி."

"அதான், எப்படி இருக்கும்? துணியா தோலா? ஓரத்துல கரை உண்டா? காதுக்கு மேல நிக்குமா, காத மூடுமா? பின்னாடி முடிச்சு உண்டா?"

சீமோஸ் கண்ணை மூடினான். ஆற்றங்கரை வீடு வந்தது. வாசல் வந்தது. வாசலில் உயரமாய் அப்பா வந்தார். அவர் தலையைப் பார்த்தான். வழவழவென்று, கறுப்பாக, ஓரம் இல்லாமல், தையல் இல்லாமல், முடிச்சு இல்லாமல் இருந்தது. கறுப்பு பூசி விட்டதுபோல் இருந்தது. இன்னும் இறுக்கிக் கண்ணை மூடிப் பார்த்தான். பானியாஸின் கோப்பையைத் தவிர வேறெதுவும் அங்கே இல்லை.

"சொல்லுய்யா, மண்ணு காயுது," என்றான் மிக்கியோன்.

சீமோஸ் கண்ணைத் திறந்தான். கையை மெல்லத் தூக்கித் தன் தலையைத் தடவிப் பார்த்தான்.

"முடியே வையி," என்றான்.